சாலுக்குள் நீலம் இல்லை

பஞ்சதந்திரக் கதையில் நாய்களுக்குப் பயந்து ஓடிய நரி, சாயக்காரர் வீட்டு நீலத் தொட்டியில் விழுந்து நீல நரியாக எழுந்து வருகிறது. சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதை. கதை சொன்னவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். நல்ல பதத்தில் இருக்கும் அவுரிச் சாலில், அதாவது சாயம் முக்கும் பெரிய பானையில், எதை முக்கி எடுத்தாலும், எடுத்த நொடியில் அது நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீலம் வரும். சாலில் இருக்கும் நீர் நீலமாகவே தெரிந்தால் அந்தச் சால் துணிக்கு ஆகாது.

அவுரிச் சாய வேலையின் சூட்சுமமெல்லாம் இதில்தான் இருக்கிறது. இலையை ஊறப் போடும்போது காற்றை விலக்குகிறோம். ஊறிய நீரை அடித்துக் காற்றை ஏற்றுகிறோம். கிடைத்த நீலத்தைச் சாலில் போட்டு மறுபடியும் காற்றை விலக்குகிறோம். துணியை முக்கியெடுத்து மறுபடியும் காற்றில் காட்டுகிறோம். இந்த நான்கு இடங்களிலும் பதம் பார்க்கத் தெரிந்தவர்தான் சாயக்காரர். இன்றைக்கு மாலியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நம் ஊரிலும் கலைஞர்கள் இந்த வேலையைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். சிலர் விதை போடுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். கடையில் நீலப்பொடி கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு, வேலையை வரிசையாகச் சொல்லிக் காட்டுவதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் செடி. சாய அவுரி பயறு வகையைச் சேர்ந்த சிறு புதர். தாவரவியலில் இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. தென்மாவட்டங்களில் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்வதால், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அதைப் பொட்டலம் கட்டித் தந்துவிடக்கூடும். அது பேதி மருந்து, சாயத்துக்கு உதவாது. சாய அவுரி இப்போதும் திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வட்டாரங்களில் பயிராகிறது. ஆந்திராவில் கடப்பைப் பக்கம் உண்டு. விதைத்து ஏறக்குறைய 3 மாதத்தில், பூ எடுக்கும் தறுவாயில் அறுக்க வேண்டும். அடியை விட்டு அறுத்தால் மறுதாம்பும் கிடைக்கும். பயறு இனம் என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கின்றன. அடுத்த பயிருக்கு அது லாபம்.

இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் நீலத்துக்கான அறிகுறியே இருக்காது. அதில் இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். இலை வாட வாட அது கெட ஆரம்பிக்கும். அதனால் அதிகாலையில் அறுத்து, வெயில் ஏறும் முன் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வண்டியில் குவித்து வைத்தால் குவியலுக்குள் சூடேறிப் பாதி சாயம் வழியிலேயே போய்விடும்.

தொட்டிகள் மேலும் கீழுமாகக் கட்டப்பட்டிருக்கும். மேல் தொட்டியில் செடியைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேலே மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு அழுத்தி, இலை முழுதும் மூழ்கும்படி நீர் விடுவார்கள். ஒரு கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கிளையின் சாயம் வீண். 12 முதல் 16 மணி நேரம் ஊறும். கோடையில் சீக்கிரம், மழைக்காலத்தில் தாமதம். இலையிலுள்ள நொதி இண்டிகனை உடைத்து, சர்க்கரை ஒருபுறமும் இண்டாக்சில் என்ற பொருள் மறுபுறமுமாகப் பிரிக்கிறது. நீர் இளமஞ்சளாகிப் பிறகு பச்சை தட்டும், குமிழிகள் வரும், இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை எழும். கூடுதலாக ஊறிவிட்டால் இலை அழுகிச் சாயம் மங்கும். குறைவாக ஊறினால் இலையிலேயே பாதி தங்கிவிடும். அனுபவசாலி ஒருவர் விடிகாலையில் வந்து, நீரைக் கையில் அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அடைப்பைத் திறக்கச் சொல்வார்.

கீழ்த் தொட்டியில் விழுந்த அந்தப் பச்சை நீரை இனி அடிக்க வேண்டும். ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி, வரிசையாக நின்று, காலாலும் கையாலும் துடுப்பாலும் நீரை வாரி வாரி அடிப்பார்கள். 2 மணி நேரம், 3 மணி நேரம்கூட ஆகும். இப்போது சில இடங்களில் காற்றடிக்கும் பம்பு வந்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகின்றன. முதலில் நுரை பச்சையாகப் பொங்கும். பிறகு நீலமாகி இடுப்பளவுக்கு உயரும். பிறகு மெல்ல அடங்கும். நுரை அடங்கும் நேரம்தான் கணக்கு. வெள்ளைத் தட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், நீரும் நீலத் துகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அதோடு நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் தெளியவைப்பது, மேல்நீரை வடித்து வயலுக்குப் பாய்ச்சுவது, அடியில் தங்கிய குழம்பைத் துணியில் வடிகட்டுவது, காய்ச்சுவது, மறுபடி வடிகட்டிப் பலகைக்கு நடுவே அழுத்துவது, கம்பியால் துண்டு போடுவது, நிழலில் உலர்த்துவது. ஒரு டன் பச்சை இலை போட்டால் சில கிலோ கட்டிதான் தேறும். நல்ல கட்டியிலும் ஏறக்குறைய பாதி எடைதான் உண்மையான நீலம். மிச்சம் மண்ணும் இலைச்சக்கையும் சாம்பலும். ஊறி முடித்த தழை வயலுக்கு உரமாகத் திரும்பிப் போகிறது.

ஜப்பானில் வழி வேறு. அங்கே தோக்குஷிமா பகுதியில் வளர்வது வேறு குடும்பத்துச் செடி. அதன் இலையை உலர்த்தி, நீர் தெளித்துக் குவித்து, புரட்டிப் புரட்டி 100 நாள் அளவுக்குப் புழுங்கவைத்து, எரு மாதிரி ஒரு பொருளாக்குகிறார்கள். சுகுமோ என்று பெயர். புவாய்சோ என்ற இளைஞர் குழு அதே வட்டாரத்தில் நடவு, புழுக்கல், சாயம், தையல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்கிறது. தோக்குஷிமாவில் கற்றுக்கொண்டு திரும்பிய அமெரிக்கக் கலைஞர் ரோலண்ட் ரிக்கெட்ஸ், இண்டியானாவில் தன் நிலத்திலேயே பயிர் வைத்து, அந்த நீலத்தில் தோய்த்த பெரும் துணிகளைக் காட்சிக் கூடங்களில் தொங்கவிடுகிறார். அவருடைய கலையில் விவசாயத்தை எங்கே நிறுத்தி ஓவியத்தை எங்கே தொடங்குவது என்று பிரிக்க முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கட்டியைக் கையில் எடுக்கும்போது அதன் பழைய கதையையும் தெரிந்து எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பாண்டிச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வணிகர் வழியாக செனகலுக்குப் போனது. கினே என்று அதற்குப் பெயர். செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் வேலம்பிசினுக்கு மாற்றாக அது பணம்போலவே புழங்கியது. மனிதர்களை விற்று வாங்கிய சந்தையிலும் நம் கடற்கரைத் துணி மாற்றுப்பொருளாக இருந்தது. 1859இல் வங்காளத்து விவசாயிகள் நீலத் தோட்டத் துரைமாருக்கு எதிராக எழுந்தார்கள். சம்பாரணில் ஒவ்வொரு 20 பங்கு நிலத்திலும் 3 பங்கில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 1917இல் காந்தி அங்கே போனது அதனால்தான். அடால்ஃப் ஃபான் பேயர் 1880இல் ஆய்வகத்தில் நீலத்தை உண்டாக்கினார். 1897இல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு சில பத்தாண்டுகளில் இங்கிருந்த தொட்டிகள் பெரும்பாலும் வறண்டுபோயின. இன்று அவுரி பயிரிடுபவர் நல்ல விலை கிடைக்கிறது என்று தாமே விரும்பிப் பயிரிடுகிறார் என்றால், அது இந்தச் செடியின் சரித்திரத்தில் பெரிய மாற்றம். கட்டி வாங்கும்போது விலை பேசிக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வாங்கும்போது உடைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கட்டி எடை குறைவாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். உடைந்த இடத்தை விரல்நகத்தால் தேய்த்தால் செம்புப் பாத்திரத்தின் பளபளப்பு வரும். கனத்துக் கிடந்து, நகத்துக்கு மினுங்காமல் மண்ணாக உதிர்ந்தால் அதில் மண்தான் அதிகம்.

கட்டியை இரவே நீரில் ஊறப் போட்டு, மறுநாள் கல்வத்திலோ அம்மியிலோ நீர் தெளித்து அரைக்க வேண்டும். சட்னிப் பதம் போதாது. விரலிடையில் தேய்த்தால் நறநறப்பே தெரியக்கூடாது. நீலம் நீரில் கரையாத பொருள். துகள் எவ்வளவு நுண்மையாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாலில் மாறும். அவசரக்காரர்கள் இங்கேதான் அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து, பின்னால் இரண்டு நாளை இழக்கிறார்கள்.

இப்போது சால். ஏன் சால் தேவை என்பதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளலாம். மஞ்சிட்டி, சாயவேர் போன்றவற்றில், கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறிய துணியைச் சாயநீரில் போட்டுச் சூடேற்றினால் நிறம் பிடிக்கும். அவுரிக்கு அந்த வழி கிடையாது. நீலத்துகள் கரையாது, கரையாதது நூலுக்குள் போகாது. எனவே காற்றை விலக்கி, காரநீரில் கரையும் வேறொரு வடிவத்துக்கு அதை மாற்ற வேண்டும். அந்த வடிவம் மஞ்சள். அது நூலிழைக்குள் நுழையும். பிறகு காற்றுப் பட்டதும் உள்ளேயே நீலமாகி, மறுபடி கரையாத பொருளாகி, அங்கேயே மாட்டிக்கொள்ளும். படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம்.

ஆலைகளில் இந்த மாற்றத்துக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தையும் காஸ்டிக் சோடாவையும் போடுகிறார்கள். சில நிமிடங்களில் சால் தயார். ஜீன்ஸ் துணி பெரும்பாலும் அந்த வழியில் வருவதுதான். கழிவுநீர்தான் சிக்கல். சாயக்கழிவு ஒரு ஆற்றை என்ன செய்யும் என்பதை நொய்யலில் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. இயற்கைச் சால் வைப்பவர்கள் அதே வேலையை வெல்லத்தையும் விதையையும் வைத்துச் செய்கிறார்கள். நேரம் கூடுதல். ஆனால் மிச்ச நீரை என்ன செய்வது என்ற கவலை பெரிதாக இல்லை.

எளிதான வழியை முதலில் சொல்கிறேன். பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் கார்சியா என்ற சாய வல்லுநர் உலகெங்கும் பரப்பிய கணக்கு இது: நீலம் 1 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை 3 பங்கு. 20 லிட்டர் பாத்திரத்துக்கு அரைத்த நீலம் 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 200 கிராம், சர்க்கரை 300 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பழச்சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுகிறார்கள். கனிந்த வாழைப்பழமும் போடலாம். வெள்ளைச் சர்க்கரைக்கு இந்த வேலை செய்யத் தெரியாது. வெல்லத்தில் உடைந்த சர்க்கரை கொஞ்சம் இருப்பதால் அது செய்யும், கொஞ்சம் மெதுவாக. கை பொறுக்காத சூட்டில் நீர் எடுத்து, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். பிறகு நீல விழுது. கடைசியில் சுண்ணாம்பை, சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். நுரை எழுப்பாமல், ஓரமாகக் கோலை விட்டு, வட்டமாக மெல்லக் கலக்கி மூடி வைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்கு அவ்வப்போது இதே போல் கலக்க வேண்டும்.

பழைய வழி நுண்ணுயிரைக் கொண்டு நடப்பது. தென்னிந்தியச் சாயக்காரர்கள் அதற்குத் தகரை விதையைப் பயன்படுத்தினார்கள். தகரை வயல்வரப்பிலும் சாலையோரத்திலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் களை. அதன் விதையை வேகவைத்தால் வழவழப்பான கூழாகும். ஆறியபின் அதை நீல விழுதோடும் சுண்ணாம்பு நீரோடும் சேர்த்து, மண்ணில் கழுத்து வரை புதைத்த சாலில் ஊற்றி மூடிவைப்பார்கள். மண் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும். விதையின் மாவுச்சத்தைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிடும், நீலத்தையும் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். நல்ல வெயில் காலத்தில் சில நாளில் சால் பழுக்கும். மார்கழியில் சுற்றிலும் வைக்கோல் கட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாலிலிருந்து ஒரு செம்பு எடுத்து ஊற்றினால், தயிருக்கு உறை விட்ட மாதிரி, புதுச் சால் சீக்கிரம் கிளம்பும். ஐரோப்பாவில் வோட் என்ற செடியில் வைத்த சாலிலிருந்து இந்த வேலையைச் செய்யும் ஒரு நுண்ணுயிரியையே பிரித்தெடுத்து, அந்தச் செடியின் பெயரால் க்ளாஸ்ட்ரிடியம் ஐசாடிடிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரோவில்லில் கலர்ஸ் ஆஃப் நேச்சர் பட்டறை 1990களிலிருந்து நொதிக்கும் சால்களைப் பராமரித்து, அதில் துணியும் நூலும் தோய்த்து வருகிறது.

சால் தயாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மூடியைத் திறந்ததும் மேலே பார்க்க வேண்டும். நீரின் மேல் செம்பும் ஊதாவும் கலந்து மினுங்கும் மெல்லிய ஆடை படிந்திருக்கும். நடுவில் கருநீல நுரை ஒரு கொத்தாகத் திரண்டு நிற்கும். சாயக்காரர்கள் இதைப் பூ என்பார்கள். ஆடையைக் கரண்டியால் விலக்கிப் பார்த்தால் கீழே நீர் தெளிவாக, தேன் நிறத்திலோ பச்சைமஞ்சளாகவோ இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், மேல்பரப்பிலிருந்து நீலம் கீழே இறங்கிவருவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்தக் காலத்தவர்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தே சுண்ணாம்புப் பதம் சொன்னார்கள். இப்போது பிஎச் தாள் இருக்கிறது. சுண்ணாம்புச் சாலுக்கு 10க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும்.

சால் பழுக்கிற நேரத்தில் துணியைத் தயார் செய்துவிடலாம். புதுத் துணியில் ஆலைக் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். சலவை சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்கவைத்தால், நீர் தேநீர் நிறமாகிவிடும். அந்த நிறம் வருவது நின்றபின் அலசிக் காயவைத்து, ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க வேண்டும். துளி உருண்டு நிற்காமல் சட்டென்று உள்ளே இறங்கினால் சரி. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. சுண்ணாம்புச் சாலும் அவற்றுக்கு அவ்வளவு நல்லதில்லை.

வடிவம் வேண்டுமென்றால் அதற்கான வேலை இந்தக் கட்டத்தில்தான். சாயம் போகக்கூடாத இடத்தை அடைத்துவிட வேண்டும். மதுரைச் சுங்குடிக்காரர்கள் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூல் சுற்றி முடிகிறார்கள். ஜப்பானியர் ஷிபோரி என்று தைத்தும் மடித்தும் இறுக்கியும் கட்டுகிறார்கள். சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளில் மெழுகு. சிவப்பையும் கறுப்பையும் கலம் என்ற எழுதுகோலால் எழுதிய கைகளுக்கு நீலத்தை அப்படி எழுத முடியவில்லை. கலத்தின் நுனியிலேயே காற்றுப் பட்டு அது நீலமாகிவிடும். நீலமானது நூலுக்குள் போகாது. அதனால் ஒரு பூவின் இரண்டு இதழுக்கு நீலம் வேண்டுமென்றால், அந்த இரண்டு இதழை விட்டு மிச்சத் துணி முழுவதும் மெழுகு பூசி, துணியையே நீலக்காரரிடம் கொடுத்து முக்கி வாங்கினார்கள். நம் கரையில் இருந்த சேசு சபைத் துறவி கேர்டூ 1742இல் எழுதிய கடிதத்தில் இந்தத் துணிகள் உருவாகும் முறையைப் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பிய ஆலைக்காரர்கள் அந்தக் குறிப்பை ஆவலோடு படித்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி முக்குவது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

துணியை முதலில் வெறும் நீரில் நன்றாக நனைத்துப் பிழிய வேண்டும். உலர்ந்த துணிக்குள் காற்று நிறைய இருக்கும். அதைச் சாலுக்குள் கொண்டுபோகக்கூடாது. பூவைக் கரண்டியால் ஒதுக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்துவைக்க வேண்டும். சாலின் அடியில் சுண்ணாம்புக் கசடு படிந்திருக்கும். துணி அதில் படாமல் இருக்க நடுவே ஒரு கூடையோ வலையோ தொங்கவிடலாம். பிறகு துணியின் ஒரு முனையைப் பிடித்து, சொட்டும் இல்லாமல் குமிழியும் இல்லாமல், ஓரமாக மெல்ல உள்ளே நழுவவிட வேண்டும். இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டு, நீருக்கு அடியிலேயே மடிப்பு மடிப்பாகத் துணியைப் பிரித்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பு ஒட்டிக்கொண்ட இடத்தில் நீர் போகாது; பின்னால் அங்கே வெளிறிய கோடு விழும். கை அவசரப்பட்டால் நீர் கலங்கும், காற்று நுழையும். சாலுக்குள் இருக்கும்போது நிறம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைக்குத் தட்டுப்படும் துணியைக் கொண்டே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். முதல் முக்கலுக்கு 5 முதல் 10 நிமிடம். அடுத்தடுத்தவற்றுக்கு அதைவிடக் குறைவு.

எடுக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கிட்டேயே வைத்துக் கையால் நீவிப் பிழிந்து, சொட்டு உயரத்திலிருந்து விழாதபடி வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டும் கொஞ்சம் காற்றைச் சாலுக்குள் இழுத்துப் போகும். வெளியே வந்த துணி பாசிப்பயற்றின் உள்பருப்பு மாதிரி மஞ்சளாக, ஓரங்களில் பச்சையாக இருக்கும். பிரித்து விரித்ததும் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பச்சை ஓடும். பச்சையின் பின்னாலேயே மயில்கழுத்து நிறம். அதன் பின்னால் நீலம். மடிப்புக்குள் மறைந்திருந்த இடம் மட்டும் இன்னும் மஞ்சளாகவே நிற்கும். அதையும் விரித்துக் காட்ட வேண்டும். ஒரு அங்குலம்கூடக் காற்றுப் படாமல் விட்டுவிடக்கூடாது. முக்கி வைத்திருந்த நேரத்துக்கு ஈடாகவாவது ஆறவிட்டு, பச்சை முழுதும் போனபின் மறுபடியும் சாலுக்குள்.

ஒரே முக்கலில் அடர்நீலம் வாங்கப் பார்ப்பது வீண். சாலில் நீலத்தைக் கூட்டிப் போட்டு ஒரு தடவையில் எடுத்தால், துகள் நூலுக்கு மேலே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். உடுத்தினால் உடம்பிலும் நாற்காலியிலும் நீலம் ஏறும். மெலிந்த சாலில் பலமுறை முக்கி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு எடுத்த நிறம் உள்ளே தங்கும். வான்நீலத்துக்கு 2, 3 முக்கல். நடுநீலத்துக்கு 6, 7. இருட்டு நீலத்துக்கு 12க்கு மேல், சில சமயம் 20. பெரிய பட்டறைகளில் மெலிந்த சாலில் தொடங்கிப் போகப் போக வலுவான சாலுக்கு மாற்றுவார்கள்.

இந்தப் படிகளில் ஒவ்வொன்றையும் தனி நிறமாகக் கருதி வேலை செய்பவர் மாலியைச் சேர்ந்த அபூபக்கர் ஃபோஃபானா. மேற்கு ஆப்பிரிக்காவில் மறைந்துகொண்டிருந்த இலைச் சாலைத் தேடிக் கற்று மீட்டவர்களில் முக்கியமானவர். பம்பாரா மொழியில் நீலத்தின் ஒவ்வொரு அடர்த்திக்கும் உள்ள பெயர்களை அவர் எடுத்துச் சொல்கிறார். 2017இல் ஏதென்ஸில் நடந்த டாக்குமெண்டா 14 கண்காட்சிக்காக, ஆப்பிரிக்க நாடுகளின் கணக்குக்கு 54 ஆடுகளை வெவ்வேறு அடர்த்தியில் அவுரியால் தோய்த்து, அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகப் புல்வெளியில் மேயவிட்டார். பாண்டிச்சேரித் துணி ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த அதே மேற்கு ஆப்பிரிக்காவின் நீலம் அது.

கடைசி முக்கல் முடிந்ததும் துணியை உடனே அலசத் தேவையில்லை. ஒரு நாள் நிழலில் கொடியில் கிடக்கட்டும். சுண்ணாம்பு மேலே வெளுப்பாகப் படிந்து நிறத்தை மங்கலாகக் காட்டும். பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு வாளி நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து அதில் அரை மணி நேரம் ஊறவிட்டால் சுண்ணாம்பு கரைந்து நீலம் தெளியும். அப்புறம் நீர் நிறமில்லாமல் வரும் வரை அலசல். பிறகு மிதமான சோப்பில் சூடான ஒரு துவைப்பு. வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, அதில் நீலம் ஒட்டாமல் இருந்தால் வேலை முடிந்தது. முடிச்சுகளை இதற்குப் பிறகு அவிழ்க்கலாம். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் சில துவைப்பைத் தனியாகப் போடுங்கள், வெயிலில் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள்.

துணி முடிந்தாலும் சாலை அப்படியே விட்டுவிட முடியாது. எடுத்துவைத்த பூவைத் திரும்ப ஊற்றி, ஒரு தரம் கலக்கி மூடி, இரவு முழுதும் ஓய்வு கொடுக்க வேண்டும். மறுநாள் நீர் நீலம் தட்டியிருந்தால் ஆக்சிஜன் ஏறிவிட்டது என்று பொருள். கொஞ்சம் வெல்லமும் கொஞ்சம் சூடும் கொடுத்தால் திரும்பும். நொதிச் சாலாக இருந்தால் தகரைக் கூழ். பிஎச் இறங்கியிருந்தால் சுண்ணாம்பு. பூவும் இருக்கிறது, நீரும் தேன் நிறம்தான், ஆனாலும் துணியில் நிறம் ஏறவில்லை என்றால் நீலம் தீர்ந்துவிட்டது. புதிதாக அரைத்துச் சேர்க்க வேண்டும். தீரும் தறுவாயில் இருக்கும் சாலைக் கீழே ஊற்றிவிட அவசரப்பட வேண்டாம். மிக மெல்லிய வான்நீலம் அந்தச் சாலில்தான் சீராக விழும். புதுச் சாலில் எவ்வளவு கெட்டிக்காரராலும் அதைத் திட்டு இல்லாமல் எடுப்பது கடினம்.

அதுவும் முடிந்த சாலை மூடாமல் திறந்து வைத்து, நாலைந்து நாளைக்குத் தினமும் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் பட்டு மிச்ச நீலம் துகளாகி அடியில் தங்கும். சுண்ணாம்பும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சாக்கட்டியாகி மெல்லக் காரம் குறையும். மேலே தெளிந்த நீரைப் பிஎச் பார்த்து, வேண்டுமானால் இன்னும் நீர் கலந்து, தென்னைக்கு ஊற்றலாம். அடியில் கிடக்கும் நீலக் கசடைத் துணியில் வடித்துக் காயவைத்து எடுத்துக்கொண்டால், அடுத்த சாலுக்கு அரைக்கும்போது புதுக் கட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம்.